மாகாண சபைத் தேர்தலை முடக்கியது எல்லை நிர்ணயமா? மன்னாரை முன்வைத்து ஒரு மறுப்பு

இலங்கையின் ஒன்பது மாகாண சபைகளும் மக்கள் தெரிவுசெய்த உறுப்பினர் எவருமின்றி ஆளுநர்களின் பொறுப்பில் கிடப்பதற்கு ஒரு சட்டச் சிக்கலே காரணம் என்றும், தேர்தல் தொகுதிகளின் எல்லைகள் வரையப்பட்டு முடியும்வரை அந்தச் சிக்கலை எவராலும் அவிழ்க்க இயலாது என்றும், காத்திருப்பின் முடிவில் வரவிருக்கும் கலப்புத் தேர்தல் முறை பழைய முறையைவிட மேலானதாதலால் காத்திருப்பதில் பெரிய இழப்பேதும் இல்லை என்றும் ஒரு கருத்து கொழும்பு அரசியலாளரிடையேயும் ஊடகங்களிலும் தமிழ் வாசகர் பலரிடையேயும் வேரூன்றியிருக்கிறது. இக்கருத்தின் மூன்று கூறுகளுமே பிழையானவை. தேர்தலை முடக்கியது நாடாளுமன்ற உறுப்பினர்கள் அளித்த வாக்கு. அந்த முடக்கத்தை நீக்கக்கூடியதும் அவர்களுடைய வாக்கே. அவர்கள் கைவிட்ட பழைய விகிதாசார முறையோ, மன்னார் போன்ற சிறிய, பல சமூகங்கள் கலந்து வாழும் மாவட்டத்திற்குப் புதிய முறையைவிட நெடுக நன்மை செய்த ஒன்று.

முதலில் நடந்ததை வரிசைப்படி நினைவுகூர வேண்டும், ஏனெனில் சட்டச் சிக்கல் என்ற சொல்லாட்சி இந்த வரிசையை மறந்தால் மட்டுமே நிற்கக்கூடியது. 1987 ஜூலை 29ஆம் திகதி கைச்சாத்தான இந்திய-இலங்கை ஒப்பந்தத்தைத் தொடர்ந்து அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் மாகாண சபைகளை உருவாக்கியது. அச்சபைகளுக்கு உறுப்பினரைத் தெரிவுசெய்யும் முறையை 1988ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க மாகாண சபைகள் தேர்தல் சட்டம் வகுத்தது. அச்சட்டத்தின்படி நிர்வாக மாவட்டமே தேர்தல் மாவட்டம். ஒரு கட்சி மாவட்டத்தில் பெறும் வாக்குகளின் விகிதத்திற்கேற்ப அதற்கு ஆசனங்கள் கிடைக்கும். கட்சிக்கு வாக்களிக்கும் ஒருவர் அக்கட்சியின் வேட்பாளருள் மூவருக்கு விருப்பு வாக்கும் அளிக்கலாம். 2017 ஜூலையில் அரசாங்கம் இச்சட்டத்திற்கு ஒரு சிறிய திருத்தச் சட்டமூலத்தை வெளியிட்டது. வேட்புமனுக்களில் பெண்களுக்கு 30 சதவீதம் ஒதுக்குவதே அதன் நோக்கம். அதே காலத்தில், எல்லா மாகாண சபைகளுக்கும் ஒரே நாளில் தேர்தல் நடத்தும் பெயரில் அவற்றின் பதவிக்காலத்தில் கைவைக்கும் 20ஆம் அரசியலமைப்புத் திருத்தச் சட்டமூலமும் முன்வைக்கப்பட்டிருந்தது. அதை நிறைவேற்ற மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடு பொதுசன வாக்கெடுப்பும் தேவை என்ற உயர் நீதிமன்றத்தின் தீர்மானம் 2017 செப்டம்பர் 19ஆம் திகதி நாடாளுமன்றத்திற்கு அறிவிக்கப்பட்டது. மறுநாளே, அதாவது செப்டம்பர் 20ஆம் திகதி, பெண்களுக்கான ஒதுக்கீட்டைப் பற்றிய அந்தச் சிறிய சட்டமூலம் சபைக்கு வந்தது. குழுநிலையில் அதனுள் ஒரு முழுப் புதிய தேர்தல் முறையே செருகப்பட்டது. 159 பேர் ஆதரவாகவும் 37 பேர் எதிராகவும் வாக்களிக்க, அன்றே அது நிறைவேறியது. 2017ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம் என்பது இதுதான்.

குழுநிலை என்பது, இரண்டாம் வாசிப்பில் ஒரு சட்டமூலத்தின் கொள்கையைச் சபை ஏற்றுக்கொண்ட பின்னர் அதன் வாசகங்களை வரிவரியாகத் திருத்துகின்ற கட்டம். இலங்கையின் சட்டமியற்றலில் இக்கட்டத்திற்குத் தனி அபாயம் ஒன்று உண்டு. அரசியலமைப்பின் 121ஆம் உறுப்புரையின்படி ஒரு சட்டமூலம் நாடாளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் இடம்பெற்றபின் குறுகிய காலத்திற்குள் மட்டுமே குடிமகன் ஒருவர் அதை உயர் நீதிமன்றத்தில் சவாலுக்கு உட்படுத்தலாம். சட்டமாகிவிட்ட பின்னர் அதன் செல்லுபடியை எந்த நீதிமன்றமும் ஆராய முடியாதென 80ஆம் உறுப்புரை தடுக்கிறது. ஆகவே, குடிமக்கள் பார்த்த சட்டமூலம் ஒன்று, நிறைவேறிய சட்டம் மற்றொன்று என்றானால், அந்த இரண்டாவதைக் கேள்விக்கு உட்படுத்துவதற்கான வாசல் திறக்கும் முன்பே மூடப்பட்டுவிடுகிறது. மன்னாரிலோ மட்டக்களப்பிலோ மாத்தறையிலோ இருக்கும் வாக்காளர் தமது வாக்குரிமையின் வடிவம் மாறப்போகிறது என்பதை அறிந்துகொள்ளும் முன்பே அது மாறிவிட்டது. இதற்குத் துணை நின்றவர்கள் பெரும்பான்மைக் கட்சியினர் மட்டுமல்லர் என்பது கசப்பான உண்மை. தொகுதிகளின் பங்கை 60 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாகக் குறைத்துக்கொண்டால் போதும் என்ற பேரத்தின்மேல், சிறுபான்மைச் சமூகங்களின் பெயரால் சபையில் இருந்த கட்சிகளும் ஆதரவாகக் கையுயர்த்தின. அந்த ஆதரவில்லாமல், அன்றைய அரசாங்கம் நாடிய மூன்றில் இரண்டு என்ற 150 வாக்குகளின் எல்லையை எட்டுவது அதற்குக் கடினமாயிருந்திருக்கும்.

புதிய முறையின்படி உறுப்பினருள் பாதிப்பேர் தொகுதிகளிலிருந்தும் பாதிப்பேர் விகிதாசாரப் பட்டியலிலிருந்தும் வருவர். தொகுதிகளை வரைய முன்னாள் நில அளவையாளர் நாயகம் க. தவலிங்கம் தலைமையில் ஐவர் குழு அமைக்கப்பட்டது. 2018 பெப்ரவரியில் அறிக்கை துறைசார் அமைச்சரிடம் கையளிக்கப்பட்டது. 2018 ஆகஸ்ட் 24ஆம் திகதி அது வாக்கெடுப்புக்கு விடப்பட்டபோது எதிராக 139 வாக்குகள் விழுந்தன, ஆதரவாக ஒன்றுமே விழவில்லை. அறிக்கையைச் சபையில் முன்வைத்த அமைச்சரே அதற்கு எதிராக வாக்களித்தார். அதன்பின் சட்டப்படி பிரதமர் தலைமையில் ஒரு மீளாய்வுக் குழு நியமிக்கப்பட்டு இரண்டு மாதங்களில் தனது அறிக்கையை ஜனாதிபதியிடம் கையளித்திருக்க வேண்டும். அந்த அறிக்கை வரவேயில்லை. பழைய முறையிலாவது தேர்தலை நடத்தலாமா என்று 2019இல் ஜனாதிபதி உயர் நீதிமன்றத்திடம் ஆலோசனை கேட்டபோது, பழைய முறையை நாடாளுமன்றம் நீக்கிவிட்டதால் எல்லை நிர்ணயம் முடியாமல் தேர்தல் நடத்த இயலாது என்ற பதில் கிடைத்தது. கிழக்கு, வடமத்திய, சப்ரகமுவ சபைகளின் காலம் 2017இன் பிற்பகுதியிலும், வடக்கின் காலம் 2018 அக்டோபரிலும், கடைசியாக ஊவாவின் காலம் 2019இன் பிற்பகுதியிலும் முடிந்துபோயிற்று.

இந்த வரிசையைக் கண்டபின்னும் முட்டுக்கட்டை எல்லை நிர்ணயத்தில்தான் இருக்கிறது என்று சொல்வது பொருந்தாது. தேர்தல் முறையை மாற்றும் எந்தச் சட்டத்திலும் இடைக்கால ஏற்பாடு ஒன்று இருப்பது வழமை. அதாவது, புதிய எல்லைகள் ஏற்கப்படும்வரை நடைமுறையில் இருக்கும் சட்டத்தின்படியே தேர்தல்கள் நடக்கும் என்று ஒரு பிரிவு எழுதப்பட வேண்டும். 2017ஆம் ஆண்டுச் சட்டத்தில் அப்பிரிவு இல்லை. எல்லை நிர்ணயம் ஐந்து ஆண்டுகள் இழுத்திருந்தாலும் ஐம்பது ஆண்டுகள் இழுத்திருந்தாலும், அந்த ஒரு பிரிவு இருந்திருந்தால் வடமாகாண மக்கள் 2018 முடிவதற்குள் அல்லது 2019இன் தொடக்கத்தில் வாக்களித்திருப்பர். எல்லை வரைவது எங்குமே சிக்கலான வேலை. அந்தச் சிக்கல் தேர்தலையே விழுங்குமாறு சட்டத்தை எழுதியது 159 உறுப்பினர்களின் தெரிவு.

எல்லை நிர்ணயத்தைச் சாட்டாக வைத்துத் தேர்தலைத் தள்ளிப்போடுவது இலங்கைக்கு மட்டும் உரிய நோயன்று. தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் நடந்திருக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல், வார்டு மறுவரையறையும் வழக்குகளும் குறுக்கிட்டதால், ஊரகப் பகுதிகள் பெரும்பாலானவற்றில் 2019 டிசம்பர் வரையும் நகர்ப்புறங்களில் 2022 பெப்ரவரி வரையும் தள்ளிப்போனது. தனி அலுவலர்களே ஊராட்சிகளை நடத்தினார்கள். ஆயினும் இந்தியாவில் இதற்கு எதிராக ஒரு கோட்பாடு இருக்கிறது: அகமதாபாத் மாநகராட்சி தொடர்பான கிஷன்சிங் தோமர் வழக்கில் 2006இல் இந்திய உச்ச நீதிமன்றம், ஐந்தாண்டுக் காலம் முடிவதற்குள் தேர்தலை நடத்தி முடிப்பது அரசியலமைப்புக் கடமை என்றும் வார்டு வரையறை போன்ற காரணங்களைக் காட்டி அதைத் தட்டிக்கழிக்க இயலாது என்றும் தீர்ப்பளித்தது. இலங்கையிலும் நீதிமன்றம் முற்றிலும் வாய்மூடி இருக்கவில்லை. 2023 மார்ச்சில் நடக்கவேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் நிதி விடுவிக்கப்படாமல் நின்றுபோனதை மக்களின் அடிப்படை உரிமை மீறலென உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் கண்டது. நிதியைத் தடுத்து ஒரு தேர்தலை நிறுத்துவது உரிமை மீறலென்றால், சட்டத்தில் ஒரு பிரிவை எழுதாமல் விட்டு ஒன்பது தேர்தல்களை நிறுத்துவது அதைவிடப் பெரிய மீறல். முன்னதை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடிந்தது, பின்னதைக் கேட்க அரசியலமைப்பு இடம் தரவில்லை என்பதே வேறுபாடு.

இனி, வரவிருக்கும் முறை மேலானது என்ற கூற்றைப் பார்க்கலாம். தொகுதிக்கு ஒரே உறுப்பினர் இருந்தால் மக்களுக்கு அவரைத் தெரியும், தட்டிக் கேட்கவும் முடியும், விருப்பு வாக்குக்காக ஒரே கட்சிக்காரர் ஒருவரோடொருவர் மோதிப் பணத்தை வாரியிறைப்பதும் நிற்கும் என்பது அதன் ஆதரவாளர் வாதம். விருப்பு வாக்குப் போட்டியின் செலவும் வன்முறையும் உண்மையே, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதற்கான மருந்து 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவு ஒழுங்குபடுத்தல் சட்டமாக ஏற்கெனவே வந்திருக்கிறது. அதை இறுக்கமாக நடைமுறைப்படுத்துவதை விட்டுவிட்டு வாக்கின் கணக்கையே மாற்றுவது வேறு நோய்க்கான சிகிச்சை. நாட்டிற்குத் தொகுதி முறை புதிதும் அல்ல. 1970 பொதுத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி சுதந்திரக் கட்சியைவிடக் கூடுதலான வாக்குப் பெற்றும் 17 ஆசனங்களோடு நின்றது, சுதந்திரக் கட்சி 91ஐப் பெற்றது. 1977இல் ஏறத்தாழ வாக்காளரில் சரிபாதியினரின் ஆதரவோடு ஐக்கிய தேசியக் கட்சி 168இல் 140ஐ அள்ளிக்கொண்டது. அந்த ஆறில் ஐந்து பெரும்பான்மைதான் 1978 அரசியலமைப்பையும், பொதுத் தேர்தலே இல்லாமல் நாடாளுமன்றத்தின் ஆயுளை நீட்டிய 1982ஆம் ஆண்டு வாக்கெடுப்பையும் சாத்தியமாக்கியது. விகிதாசார முறை இந்நாட்டிற்கு வந்ததன் பின்னணியில் இந்தப் பாடம் இருக்கிறது.

மன்னாரில் கணக்கு இன்னும் தெளிவாகத் தெரியும். 2012 குடிசன மதிப்பீட்டில் ஒரு இலட்சத்தை எட்டாத மக்கள்தொகை கொண்ட இம்மாவட்டத்தில் கத்தோலிக்கத் தமிழரும் இந்துத் தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊர்களில் வாழ்கின்றனர்: தீவில் பேசாலையும் தலைமன்னாரும் ஒருபுறம், முஸ்லிம்கள் வாழும் எருக்கலம்பிட்டியும் தாராபுரமும் மறுபுறம், பெருநிலத்தில் வங்காலை, முருங்கன், அடம்பன், விடத்தல்தீவு, தெற்கே சிலாவத்துறையும் மறிச்சுக்கட்டியும் அடங்கிய முசலி. 2013 செப்டம்பர் 21ஆம் திகதி வடமாகாண சபைக்கு நடந்த முதலும் கடைசியுமான தேர்தலில் மன்னாருக்கு ஐந்து ஆசனங்கள் இருந்தன. மாவட்டத்தில் பெரும்பான்மை வாக்கைப் பெற்ற தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு மூன்று, ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்புக்கு ஒன்று, ஐயாயிரத்துக்கும் குறைந்த வாக்குகளைப் பெற்ற முஸ்லிம் காங்கிரசுக்கு ஒன்று என்று அவை பகிரப்பட்டன. பின்னைய இரண்டிலும் முஸ்லிம்களே அமர்ந்தனர். வடமாகாணம் முழுவதிலும் முஸ்லிம் காங்கிரஸ் வென்ற ஒரே ஆசனம் மன்னாரில் கிடைத்த அதுவே. தமிழ்த் தேசியக் கூட்டமைப்புத் தனக்குக் கிடைத்த இரண்டு போனஸ் ஆசனங்களில் ஒன்றை ஒரு முஸ்லிமுக்கு வழங்கியதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பெரும்பான்மை முழுமையாகப் பெரும்பான்மையாகவும், சிறுபான்மை தன் அளவுக்குக் குறையாமலும் சபைக்குள் வந்த தேர்தல் அது.

இதே ஐந்து ஆசனங்களைப் பாதிப் பாதியாகப் பிரித்தால் மன்னாருக்கு இரண்டு அல்லது மூன்று தொகுதிகள் வரும். முசலியைத் தனித் தொகுதியாக்க மக்கள்தொகை போதாதென்றால் அது நானாட்டானோடு இணையும். எருக்கலம்பிட்டியும் தாராபுரமும் தீவின் ஏனைய ஊர்களோடு சேர்ந்து அங்கே சிறுபான்மையாகும். விடத்தல்தீவு மாந்தை மேற்கில் கரைந்துவிடும். பட்டியல் ஆசனங்கள் இந்தக் குறையை ஈடுசெய்யும் என்று சொல்லப்படுகிறது. பெரிய மாவட்டத்தில், எடுத்துக்காட்டாக ஜெர்மனியின் மாநிலம் ஒன்றைப்போல நூற்றுக்கணக்கான ஆசனங்கள் உள்ள இடத்தில், அது மெய்யே. ஈடுசெய்ய இரண்டு மூன்று ஆசனங்களே இருக்கும் மாவட்டத்தில் ஒரு கட்சி தொகுதிகளை மொத்தமாக வென்றவுடன் ஈட்டுக்கான இடம் சுருங்கிவிடும். பட்டியலிலிருந்து யார் வருவார் என்பது அடுத்த வினா. 2018 பெப்ரவரியில் கலப்பு முறையில் நடந்த உள்ளூராட்சித் தேர்தலில் பட்டியல் உறுப்பினரைப் பெயர்குறித்தது கட்சிச் செயலாளரே, வாக்காளர் அல்லர். விருப்பு வாக்கு இருந்தபோது எருக்கலம்பிட்டி வாக்காளர் தம் ஆளைத் தாமே தெரிந்தெடுத்தார். அத்தேர்தலின் பின்னர் உறுப்பினர் தொகை ஏறத்தாழ இருமடங்காகப் பெருகியும் பல சபைகளில் எவருக்கும் பெரும்பான்மை கிடைக்காமற் போனதையும், தவிசாளரைத் தெரிவதற்கே பேரம் பேசவேண்டி வந்ததையும் மறக்கலாகாது. ஊருக்கு ஊர் அறிந்த உறுப்பினர் வேண்டுமென்றால், மன்னார் நகர சபையும் நான்கு பிரதேச சபைகளும் வட்டாரவாரியாக அந்தப் பணியைச் செய்கின்றன. மாகாண உறுப்பினரின் வேலை, நியதிச்சட்டம் இயற்றுவதும் மாகாண வரவுசெலவைக் கண்காணிப்பதும் ஆகும்.

தொகுதி முறையில் மன்னாரிலிருந்து ஒரு முஸ்லிம் நாடாளுமன்றம் சென்றதுண்டே என்று ஆதரவாளர் கேட்கலாம். சென்றார்: 1974 இடைத்தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சியின் எஸ். ஏ. ரஹீம் வென்றார். 1947இலிருந்து 1977 வரை மன்னார் தொகுதி கண்ட முப்பது ஆண்டுகளில் அது ஒரே முறை, அதுவும் இடைத்தேர்தலில், மூன்று ஆண்டுகளுக்கு. ஒரு விதிவிலக்கு, ஒவ்வொரு தேர்தலிலும் தானாகவே அமையும் பிரதிநிதித்துவத்திற்கு ஈடாகாது.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று மன்னாருக்கே உரியது. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் மன்னாரைச் சேர்ந்தோர் பெருந்தொகையினர். அவர்களில் பலர் இன்றும் புத்தளத்தில் வசிக்க, வாக்காளர் இடாப்பில் பெயர் மன்னாரில் இருக்கிறது. இடம்பெயர்ந்தோர் தமது பூர்வீக இடத்தில் பதிவுசெய்துகொள்ள 2013இல் ஒரு சிறப்புச் சட்டமே இயற்றப்பட்டது. 2019 ஜனாதிபதித் தேர்தல் நாளில் புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்க வந்துகொண்டிருந்த பேருந்துகள்மீது தந்திரிமலைப் பகுதியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. அந்த ஆபத்தையும் தாண்டித்தான் அவர்கள் வாக்களித்தனர். மாவட்டம் முழுவதும் ஒரே தேர்தல் மாவட்டமாக இருக்கையில் இவர்களின் வாக்கு ஓரிடத்தில் சேர்ந்து நிறையுடன் நிற்கிறது. எல்லையோ, குடிசன மதிப்பீட்டில் அந்த மண்ணில் வசிப்பதாகக் கணக்கெடுக்கப்பட்டவர்களை வைத்து வரையப்படுவது. புத்தளத்தில் எண்ணப்பட்டவர் முசலியின் எல்லைக் கணக்கில் இடம்பெற மாட்டார். எல்லை நிர்ணயக் குழுவிலிருந்த, எருக்கலம்பிட்டியைச் சேர்ந்த புவியியல் பேராசிரியர் எஸ். எச். ஹஸ்புல்லா, வெளியேற்றப்பட்ட வடபுல முஸ்லிம்களை நெடுங்காலம் ஆய்ந்தவர். குழுவின் அறிக்கையோடு உடன்படாமல் தனியாக மாற்றுக் கருத்தை எழுதிக் கொடுத்தார். குழுவில் இந்தக் கரையோரத்தை நன்கறிந்த ஒருவரே உடன்படாத எல்லைகளை எதிர்காலத்தில் எந்தக் குழு எல்லோரும் ஏற்கும்படி வரைந்துவிடும் என்பதற்கு ஆதரவாளரிடம் விடை இல்லை. 2019 மார்ச்சில் திருக்கேதீச்சரக் கோயிலுக்குச் செல்லும் வீதியின் அலங்கார வளைவு தொடர்பான விவகாரத்தில் இந்துக்களுக்கும் கத்தோலிக்கருக்கும் இடையே எழுந்த கொதிப்பைக் கண்ட மாவட்டத்தில், எந்த ஊர் எந்தத் தொகுதிக்குள் என்ற சண்டையையும் புதிதாகத் தொடக்கி வைப்பது பொறுப்பற்ற செயல்.

இழப்பொன்றும் இல்லை என்ற மூன்றாவது கூற்று, பெரும்பாலும் 2013-2018 சபையின் குறைகளைக் காட்டி முன்வைக்கப்படுகிறது. அச்சபையில் உட்பூசல் இருந்தது. அமைச்சர்களை நீக்குவதும் நீக்கியதற்கு எதிரான வழக்குமாகக் காலம் கழிந்தது. இயற்றிய நியதிச்சட்டங்களைவிட நிறைவேற்றிய தீர்மானங்களே அதிகம். இருந்தபோதும் ஐந்தாண்டு முடிவில் அதைத் தண்டிக்கவோ மாற்றவோ வாக்காளருக்கு ஒரு நாள் இருந்திருக்க வேண்டும். இன்று மருத்துவமனைகள், பாடசாலைகள், விவசாயம், மாகாண வீதிகள் ஆகியவற்றின் மீதான மாகாண அதிகாரத்தை ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநர் ஒருவரே செலுத்துகிறார். அவரை மன்னார் வாக்காளர் தெரிவுசெய்யவும் இல்லை, அகற்றவும் இயலாது. 2020 டிசம்பரில் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளோடு 'தம்பபவனி' திறந்துவைக்கப்பட்டபோதும், 2025இல் புதிய காற்றாலைகளுக்கும் கனிம மணல் அகழ்வுக்கும் எதிராகத் தீவு மக்கள் வீதியில் அமர்ந்தபோதும் வடக்கில் மாகாண சபை இல்லை. மின் உற்பத்தி முழுவதும் மாகாணத்தின் அதிகாரமன்று என்பது சரியே. ஆனால் விவாதித்துப் பதிவுசெய்யவும் ஆவணங்களைக் கேட்டுப் பெறவும் மக்கள் தெரிந்தெடுத்த ஐவர் ஒரு சபையில் இருப்பதும், எவருமே இல்லாதிருப்பதும் ஒன்றல்ல.

தமிழரிடையே சிலர் வேறொரு காரணத்தால் இதே முடிவுக்கு வருகின்றனர். 13ஆம் திருத்தம் ஒற்றையாட்சிக்குள் அடங்கியது, அதன்கீழ் தேர்தல் கேட்பது அதை ஏற்பதாகும் என்பது அவர்கள் நிலைப்பாடு. கூடுதலான அதிகாரத்தைக் கேட்பதற்கு இருக்கிற அதிகாரத்தை ஆளுநரிடம் விட்டுவைப்பது எவ்வாறு வழியாகும் என்பதை அவர்கள் விளக்க வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்ட சபை இல்லாத இந்த ஆண்டுகளில் அந்தக் கோரிக்கை வலுப்பெற்றதற்கு அடையாளம் எதுவும் இல்லை. காத்திருப்பின் இழப்பில் இன்னொன்றும் உண்டு: 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதற்காரணமாகக் காட்டப்பட்ட பெண்களுக்கான 30 சதவீதமும், ஒரு மாகாண வேட்புமனுவில்கூட இன்றுவரை ஒரு பெண்ணின் பெயரையும் எழுதவில்லை.

தீர்வு சிக்கலானதன்று, அதற்கான வடிவமும் மேசைமேல் இருந்திருக்கிறது. புதிய எல்லைகள் ஏற்கப்படும்வரை பழைய முறையில் தேர்தல் நடத்த வழிசெய்யும் தனிநபர் சட்டமூலங்களை, அதாவது அமைச்சரல்லாத உறுப்பினர் கொண்டுவரும் சட்டமூலங்களை, ம. ஆ. சுமந்திரனும் அவருக்குப் பின் இரா. சாணக்கியனும் முன்வைத்தனர். மாகாண சபைகள் தேர்தல் சட்டம் சாதாரணச் சட்டம்; அரசியலமைப்பைத் தொடாமலே அதைத் திருத்தலாம். பெண்களுக்கான 30 சதவீதத்தைக் காப்பாற்றி, விகிதாசார முறையை மீட்டு, இனி எல்லை நிர்ணயம் தாமதித்தால் நடைமுறைச் சட்டமே தொடரும் என்று ஒரு பிரிவைச் சேர்ப்பதற்கு ஒரு நாள் விவாதம் போதும். தேர்தலை நிறுத்திய திருத்தத்திற்கும் ஒரு நாளே போதுமாயிருந்தது. 2024 நவம்பர் பொதுத் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி 225இல் 159 ஆசனங்களைப் பெற்றது. மன்னாரையும் உள்ளடக்கிய வன்னித் தேர்தல் மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் சிலவும் அதற்கே கிடைத்தன. ஆகவே, எல்லை நிர்ணயம் முடியட்டும் என்ற பதிலை மன்னார் வாக்காளர் இனி ஏற்கத் தேவையில்லை. வன்னியின் ஆறு உறுப்பினர்களும், எந்தக் கட்சியினராயினும், அந்த இடைக்காலப் பிரிவுக்கு ஆதரவாக வாக்களிப்பார்களா இல்லையா என்பதை வெளிப்படையாக அறிவிக்கும்படி அவர்களை வாக்காளர் கேட்க வேண்டும். உறுப்பினர் அனைவரும் சபையில் இருந்தாலும் அதை நிறைவேற்றத் தேவையானவை சாதாரணப் பெரும்பான்மையான 113 வாக்குகளே.